ஓசிக் குடை

ஏல பேராண்டி, எந்திரிச்சிட்டியா? மெதுவா எந்திரி ராசா, மணி பத்தரைதான் ஆகுது. ஒங்க ஆச்சி ஆறு மணிக்கு எழுப்ப வந்தப்போ போர்வைக்குள்ள இருந்துக்கிட்டே என்ன சொன்னே? “சுதந்திரமா இருக்கணும்னுதான் சென்னைக்கே போனேன், இங்க வந்தும் என்னை எழுப்பாதீங்க”ன்னே. நல்ல வார்த்தை. அவ அப்பமே அடுப்படிக்குப் போயிட்டா. நாந்தான் திண்ணையில உக்காந்து, நம்ம வம்சத்துல மொத மொதலாப் பொறந்த சுதந்திர மனுசன் எப்படிப் பொழுதைக் கழிக்கான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

பல் தேய்க்கல, முகம் கழுவல. தலகாணிக்கு அடியில கிடந்த போன் லேசா ஒரு சத்தம் கொடுத்துச்சு. ஆச்சி நாலு தரம் கூப்பிட்டும் அசையாத ஒடம்பு, அது ஒரு தரம் கூப்பிட்டதும் எந்திரிச்சு உக்காந்துட்டு. என்ன விசேசம்னு கேட்டா, “ஆஃபர் தாத்தா, இன்னும் பத்து நிமிசத்துல முடியுது”ங்கே. காப்பி ஆறிப்போச்சு. நீ ஒரு செருப்பு வாங்கி முடிச்சே. காலுல கிடக்கதுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். “இது ஓடுறதுக்குன்னே உள்ளது”ன்னே. எனக்குத் தெரிஞ்சு நீ கடைசியா ஓடினது எட்டாங்கிளாஸ்ல, கணக்கு வாத்தியார் பிரம்பைத் தூக்கினப்போ.

கோவிச்சுக்கிடாதே. குத்தம் சொல்லல. ஒரு ஆளுக்கு எத்தனை மொதலாளின்னு எண்ணிப் பாக்குறது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. எங்க அய்யாவுக்கு ஒரே ஒரு பண்ணையார். ஒனக்கு எண்ண ஆரம்பிச்சா கைவிரல் காணாது. மேனேஜர் ஒருத்தன், கார்டுக்காரன் ஒருத்தன், பைக் தவணைக்காரன் ஒருத்தன், ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பரோட்டா வேணுமான்னு கேட்டு உசுப்பி விடுறவன் ஒருத்தன், தூங்காதே அடுத்த படம் இருக்குங்கிறவன் ஒருத்தன். இத்தனை பேரும் ஒன்னை ‘டியர்’னு கூப்பிடுதான். பண்ணையார் எங்க அய்யாவை ‘ஏல’ன்னுதான் கூப்பிட்டாரு. அதுல ஒரு வசதி இருந்துச்சு பாத்துக்க. அவருதான் மொதலாளின்னு எங்க அய்யாவுக்குத் தெரியும்.

சுதந்திரம்னு நீ வாயெடுத்ததால ஒரு பழைய கதை சொல்லுதேன். நம்ம ஒட்டப்பிடாரத்துல பொறந்தவரு, தூத்துக்குடியில வக்கீலா இருந்தவரு, வ.உ.சி. 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனின்னு ஒண்ணைப் பதிவு பண்ணினாரு. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒண்ணு 25 ரூவா. அதுவரைக்கும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் வச்சதுதான் சட்டம். இவரு காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலை வாங்கிக் கொண்டாந்து நிறுத்தினாரு. சனம் நம்ம கப்பல், நம்ம கப்பல்னு ஏறிச்சு.

வெள்ளைக்காரன் ஒடனே துப்பாக்கியைத் தூக்கிட்டான்னு நெனைக்கியா? அது பொறவு. மொதல்ல டிக்கெட்டை ஒரு ரூவாயாக் கொறைச்சான். இவுக அரை ரூவாயாக் கொறைச்சாங்க. அவன் பாத்தான். காசே வேண்டாம், சும்மா ஏறுன்னான். அதோட விட்டானா? ஏறுறவனுக்கு ஒரு குடையும் இனாம்னான்.

குடை, ராசா, குடை! தூத்துக்குடிக்காரன் மழையைக் கண்ணுல பாக்குறதே ஐப்பசி கார்த்திகையிலதான். அவனுக்குக் குடை.

கப்பல் கரையில ரெண்டு பேரு நிக்கான்னு வச்சுக்க. ஒருத்தன் இடுப்பு முடிச்சை அவுத்து எட்டணாவை எண்ணிக் கொடுத்துட்டுச் சுதேசிக் கப்பல்ல ஏறுதான். இன்னொருத்தன் ஓசியில ஏறி, குடையை விரிச்சுக்கிட்டு மேல்தட்டுல நிக்கான். அன்னைக்கு எவன் புத்திசாலி? குடைக்காரன்தான். எட்டணாக்காரனை அவன் பொண்டாட்டியே ஏசியிருப்பா. நீ அன்னைக்கு இருந்திருந்தா, “குடையை வாங்கிக்கிட்டா என்ன தாத்தா, நான் மனசால சுதேசி”ன்னு சொல்லியிருப்பே. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவும் சொல்லியிருப்பே. படிச்ச பிள்ளை.

1908 மார்ச்சுல வ.உ.சி.யைப் பிடிச்சு உள்ள போட்டான். ரெண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாப்பது வருசம்னு தீர்ப்பு. அப்பீல்ல கொறைஞ்சு, 1912 கடைசியில அவரு வெளிய வாரப்போ கப்பலும் இல்ல, கம்பெனியும் இல்ல. 1911-லேயே கம்பெனியைக் கலைச்சாச்சு. போட்டிக்கு ஆளில்லாத துறைமுகத்துல ஓசிக் குடை கொடுக்க எந்தக் கம்பெனிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு? கோயமுத்தூர் ஜெயில்ல அவரு செக்கிழுத்ததை நீ பள்ளிக்கூடத்துல படிச்சு மார்க்கும் வாங்கியிருப்பே. எனக்கு என்னமோ செக்கைவிட அந்தக் குடைதான் ராத்திரியில ஞாபகம் வருது. குடைதான் கம்பெனியைக் கவுத்துச்சுன்னு நான் சொல்லல. சர்க்காரும் சிறையும் சேந்து கவுத்துச்சு. சர்க்காரைத் தடுக்க நம்மளால ஆகாது. குடையை வேண்டாம்னு சொல்லுறதுக்கு ஒத்தை ஆளு போதும், எட்டணா கையில இருக்கணும், அவ்வளவுதான்.

அதே 1908-ல, அவரைப் பிடிக்கதுக்குக் கொஞ்சம் முந்தி, தூத்துக்குடி கோரல் மில்லுல வேலை நிறுத்தம். ஒரு வாரத்துக்கு மேல கூலி கிடையாது. ஊர்க்காரங்க ஒத்தாசை பண்ணினாங்க, தொழிலாளிங்க வயித்தைக் கட்டினாங்க, ஒருத்தனும் உள்ள போகல. கூலி கூடுச்சு, வேலை நேரம் கொறைஞ்சுச்சு, ஞாயித்துக்கெழமை லீவும் கிடைச்சுச்சு. நீ இப்ப ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் தூங்குதியே, அதுல அவங்க பட்டினியும் கொஞ்சம் கலந்திருக்கு.

சரி, அந்தக் குடை இப்ப எங்க இருக்குன்னு கேளு. ஒன் பையிலதான் இருக்கு. மொத மாசம் இலவசம், கேஷ்பேக், வட்டியில்லாத் தவணை, ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மா. அன்னைக்குக் கப்பல்ல ஏத்தக் கொடுத்தான், இன்னைக்குக் கட்டில்ல இருந்து எறங்காமயே ஏத்திக்கிடுதான். நேத்து நீ சட்டையைக் கழத்திப் போட்டப்போ ஒரு காகிதம் கீழ விழுந்துச்சு. அடுத்தவன் கடுதாசியைப் படிக்கிறது தப்புதான். கண்ணாடி போட்டுப் படிச்சேன்.

கார்டு பாக்கி 50,000. வட்டி மாசத்துக்கு மூணரை சதம்னு கீழ சின்ன எழுத்துல அவனே போட்டிருக்கான். நம்ம ஊரு வழக்கத்துல இதுக்குப் பேரு மூணரை வட்டி. நூத்துக்கு மூணரை ரூவா. இந்த வாசல்ல வந்து ஒருத்தன் மூணரை வட்டி கேட்டான்னா ஒங்க ஆச்சி வாரியலை எடுத்துருவா. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்துக்கும் 2003-லேயே நம்ம சர்க்கார் தடைச் சட்டம் போட்டாச்சு. தண்டல்காரன் வந்தா சனம் கொல்லைப்புறமா ஓடும். நீ கார்டுக்காரனுக்குச் சிரிச்ச பொம்மை அனுப்புதே.

காலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணினேன். 50,000-க்கு ஒரு மாச வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18 சதம் வரி, 315. ஆக 2,065. நீ குறைஞ்ச பட்சத் தொகைன்னு அஞ்சு சதம், 2,500 ரூவா கட்டுதே. அசல்ல கழியுறது எம்புட்டு? 435. நீ மாசம் முழுக்கத் திட்டு வாங்கிச் சம்பாரிச்சதுல ஒனக்குன்னு வேலை செஞ்சது 435 ரூவா. மிச்சம் நீ எப்பமோ தின்னு செரிச்ச பிரியாணிக்கு மாமூல்.

நேத்து ராத்திரி சாப்பிடயில ஆச்சிகிட்ட என்ன சொன்னே? “மேனேஜர் நாயைத் திட்டுற மாதிரித் திட்டுதான், விட்டுரலாம்னு இருக்கு”ன்னே. அவ, “விட்டுட்டு வாய்யா”ன்னா. “தவணை இருக்கே ஆச்சி”ன்னுட்டு ரசத்தை ஊத்திக்கிட்டே. அப்ப நான் ஒண்ணும் பேசல. மோரைக் குடிச்சிட்டு எந்திரிச்சுட்டேன்.

எனக்கும் ஒரு காலத்துல மேனேஜர் இருந்தான். கமிஷன் கடை அண்ணாச்சி. பேரு வேண்டாம், பிள்ளைங்க நல்லா இருக்காங்க. ஐப்பசியில விதைப்புக்கு முன்பணம் கொடுப்பாரு. சிரிச்ச முகம், வெத்தலை பாக்கு, ‘நம்ம பணம்தானே’ன்னு பேச்சு. வாங்கினவன் பங்குனியில மிளகா வத்தலை அவரு கடையிலதான் எறக்கணும், அவரு சொல்லுத வெலைதான் வெலை. களத்துல வத்தல் காயையில எல்லாருக்கும் காய்ஞ்சிரும். அப்பத்தான் வெலை படுத்துக் கிடக்கும். நாலு மாசம் வச்சிருந்தா எந்திரிக்கும். ஆனா மூட்டை வீட்டுல இருந்தாலும் முன்பணம் வாங்கினவனுக்கு அது சொந்தம் இல்லல்லா?

ஒரு வருசம் முன்பணம் வேண்டாம்னுட்டேன். ரெண்டு ஆட்டை வித்தேன். தீவாளிக்குப் புதுத்துணி இல்ல. டீக்கடையில கணக்கை நிறுத்தினேன், பீடியைப் பாதியாக்கினேன், ஒரு நோட்டுப் போட்டு அன்னன்னைக்குச் செலவை அன்னன்னைக்கு எழுதினேன். பங்குனியில அண்ணாச்சி வீடு தேடி வந்து ஒரு வெலை சொன்னாரு. நான் சொன்னேன்: “சரி அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுதேன்.” ஏல, அந்த வார்த்தையில இருக்குற ருசி இருக்கே! அவரு மொகம் போன போக்கை நான் இன்னும் வச்சிருக்கேன், காசு கொடுத்தாலும் விக்கமாட்டேன். யோசிச்சேன். ஆவணி வரைக்கும் யோசிச்சேன். வெறும் மூட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு ஒங்க ஆச்சி சொல்லுவா. அவளுக்கு அந்தத் தீவாளிக்குக் கட்டின பழைய சேலை இன்னும் மனசுல கிடக்கு. “இதுக்குப் பேரு கட்டுப்பாடு இல்ல, கஞ்சத்தனம்”னு இன்னைக்கும் சொல்லுவா. அவ சொல்லுறதுலயும் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதின்னு எங்களுக்குள்ள இன்னும் தீரல.

கட்டுப்பாடுன்னா மூச்சு முட்டுதுங்கே. ஒனக்கு மூக்கணாங்கயிறு இல்லேன்னு யாரு சொன்னா? இருக்கு, முனை அடுத்தவன் கையில இருக்கு. நான் சொல்லுறது, அந்த முனையை நீயே பிடிச்சுக்க. வலிச்சா நீயே தளர்த்தலாம். நான் பீடியைப் பாதியாக்கினேன்னு சொன்னேன் பாரு, பொங்கலுக்கு மட்டும் ஒரு கட்டு முழுசா இழுப்பேன். ஒருத்தன்கிட்டயும் அனுமதி கேக்கதில்ல. ஆச்சிக்குத் தெரியாம இழுப்பேன், அது வேற.

நாலு மணிக்கு எந்திரிக்கிறது பெரிய தவம்னு நெனைச்சு நீ எனக்கு ஒரு கும்பிடு போடுவியே, அதையும் சொல்லிருதேன். ஒரு தவமும் இல்ல. ஆறு மணிக்கு மேல இந்த வீடு ஒங்க ஆச்சி ராச்சியம். மாட்டுக்குத் தண்ணி காட்டு, அரிசி மில்லுக்குப் போ, கேஸ் புக் எங்க வச்சே. நாலுல இருந்து ஆறு வரைக்கும் நாந்தான் ராசா. கடுங்காப்பியைப் போட்டுக்கிட்டு, வேலியோரம் உக்காந்து, ஒரு சோலியும் இல்லாம சும்மா இருப்பேன். அந்தச் சும்மாவுக்காக ராத்திரி எட்டரைக்கே படுக்கணும். சீரியல் போச்சு. போனா போகட்டும், மருமகளைப் பழிவாங்குத வேலை நான் இல்லாமலே நடக்கும்.

ஒனக்கு நாலு மணி வேண்டாம். மெட்ராஸ்ல அந்நேரம்தான் படுக்கவே போறீங்க. ஒரே ஒரு காரியம் செஞ்சு பாரு. அந்தச் சாமான் சத்தம் கொடுத்தா, “சரி அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுதேன்”னு சொல்லிட்டுப் பல்லைத் தேய். பல் தேய்ச்சு முடிக்கதுக்குள்ள பாதிச் சாமான் வேண்டாம்னு ஆயிரும். மிச்சத்துக்குக் குளி.

என்ன, தலையைச் சொறியுதே? தெரியும்லே. பொங்கலும் இல்ல, கோயில் கொடையும் இல்ல, ஆச்சியைப் பாக்கணும் போல இருந்துச்சுன்னு வந்து எறங்கினப்பமே தெரியும். எம்புட்டு? அந்த 50,000 தானே? தாரேன். போன வருசத்து உளுந்துப் பணம் அப்படியே இருக்கு. இன்னைக்கே கார்டுக்காரனுக்கு மொத்தமாக் கட்டிட்டு, கார்டைக் கத்திரிக்கோலால வெட்டி என் கையில கொடு. எனக்கு மாசம் 2,500 கொடு, அவனுக்குக் கொடுத்த அதே காசு. இருவது மாசத்துல தீந்துரும். வட்டி கிடையாது. தெனம் செலவை ஒரு நோட்டுல எழுதணும், மாசம் ஒண்ணாந்தேதி போன்ல ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டணும். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கூட்டலு தெரியும். பரோட்டாவைப் ‘பல சரக்கு’ன்னு எழுதினா கண்டுபிடிச்சிருவா. மேனேஜரைத் திட்டிட்டு வரணும்னா இருபத்தோராவது மாசம் போய்த் திட்டு, நானே பஸ்சுக்குக் காசு தாரேன்.

இன்னொண்ணு. இங்க வா, பக்கத்துல வா, சத்தமாச் சொல்ல முடியாது. ஆச்சிகிட்ட வட்டி இல்லைன்னு சொல்லிராதே. ஒரு வட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். பெட்டிச் சாவி அவ இடுப்புலதான் கிடக்கு.