ஸ்கார்பரோ காருக்குக் காசிமேட்டு யோசனை

காசிமேட்டில் ஐஸுக்கும் பஞ்சமில்லை, டயருக்கும் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குள் போனால் விசைப்படகுகளின் விலாவில் பழைய லாரி டயர்கள் வரிசையாகத் தொங்கும். படகும் படகும் மோதினால் அடி டயருக்கு. பக்கத்திலேயே ஐஸ் பார்களை மிஷினில் தள்ளி நொறுக்கிப் படகுக்குள் இறக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் கை எட்டும் தூரத்தில் இருந்தும், ஐஸுக்கு மேலே டயர் ஓடினால் என்ன ஆகும் என்று எங்கள் பேட்டையில் யாரும் கவலைப்பட்டதில்லை. மீன்பாடி வண்டியிலிருந்து ரெண்டு கை ஐஸ் ரோட்டில் சிந்தும். பின்னால் வருகிற டிவிஎஸ் அதன் மேல் ஏறுவதற்குள் அது தண்ணீராகியிருக்கும். மிஞ்சுவது நாற்றம்.

அந்தக் கவலையை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவன் என் அக்கா மகன். டொரோன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இருக்கிறான். அக்டோபர் மாதம் ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கிய கையோடு எனக்குப் போன்.

"மாமா, இதுல ஆல் சீசன் டயர் இருக்கு. இதுவே போதுமா, இல்ல வின்டர் டயர் மாத்தணுமா? நீங்கதான் சொல்லணும்."

நான்தான் சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம், நான் டயர் கம்பெனியில் இருந்தவன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அப்படித்தான் சொன்னார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. உள்ளபடிக்கு நான் ஒரு டயர் கம்பெனி கேன்டீனுக்குச் சாப்பாடு போட்ட கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதியவன். நைட் ஷிப்டுக்கு எத்தனை இட்லி போகும், பொங்கல் போட்ட அன்றைக்கு டீ எவ்வளவு கூடுதலாக ஓடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். டயரை லாரியில் ஏற்றும்போது பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் வடசென்னைக்காரனிடம் டயர் சந்தேகம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1946ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு, பிள்ளைகள் ஊதுகிற பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற ட்ரெட் ரப்பர், அதாவது ரீபட்டன் போடுகிற சரக்கு. 1961ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயருக்கே வந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் எம்ஆர்எஃப் டயர் 1967ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 1840களில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து மெட்ராஸில் விற்றவர்கள் அமெரிக்கர்கள். கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டிடம் அந்த ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டியது. அவர்கள் ஐஸ் அனுப்பினார்கள், நாம் டயர் அனுப்பினோம். கணக்கு நேர். கேன்டீன் கணக்கு எழுதியவனுக்கு இப்படி நேராகிற கணக்கு கண்ணில் பட்டால் விட மனசு வராது.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, வின்டர் டயரா, ஆல் சீசனா?" என்றான்.

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். பேட்டைக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட். கார் டயரின் போட்டோவைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"பட்டன் நல்லா கீதே. இன்னாத்துக்கு மாத்தணும்?"

அவர் சட்டத்தில் டயர் இரண்டே ஜாதி. பட்டன் இருக்கிற டயர், மொட்டை டயர். மொட்டை டயரிலும் ஓட்டக்கூடியது, ஓட்டக்கூடியதுதான் ஆனால் சொல்லிவிட்டு ஓட்ட வேண்டியது என்று உட்பிரிவுகள் உண்டு. குளிருக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மார்கழிக்கு வேற செருப்பு போடுவியா நீ?"

அவர்மேல் தப்பில்லை. வின்டர் டயர்க்காரர்கள் 7 டிகிரி என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், ரோட்டைப் பிடிக்காது. சென்னையில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவு 13.9 டிகிரி. கடைசியாக அதைத் தொட்டது 1905 ஜனவரியில். அன்றைக்கும் நம்மூர் டயருக்கு ஆறேழு டிகிரி பாக்கி இருந்தது.

அக்காவுக்குப் புரியவைப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஏன்டா, எல்லா சீசனுக்கும்னு டயர் மேலயே எழுதி விக்கிறான். மழைக்கும் வெயிலுக்கும் ஆவும், பனிக்கு மட்டும் ஆவாதா? அப்ப அவன் மேல கேஸ் போடலாமே?" கேஸ் போடுவது அக்காவுக்கு எப்போதும் இரண்டாவது யோசனை. முதல் யோசனை, அந்தக் கடைக்காரனை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்பது.

தேங்காய் எண்ணெயை வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். பெங்களூருக்குச் சித்தி வீட்டுக்குப் போனால் டிசம்பரில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது இல்லையா? இங்கே தண்ணீராய் ஓடுகிற அதே எண்ணெய். ரப்பருக்கும் அப்படி ஒரு சுபாவம் உண்டு. ஜூன் மாத வெயிலில் சோப்பு மாதிரி தேய்ந்துபோகாமலும் இருக்க வேண்டும், ஜனவரியில் கல்லாகாமலும் இருக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு பக்குவத்தில் அதைச் செய்தாக வேண்டும். அந்தச் சமரசம்தான் ஆல் சீசன். வருஷத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றிச் சலித்த அமெரிக்கர்களுக்காக 1977ல் குட்இயர் டியெம்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கிருந்து பரவியது இந்த வகை. வின்டர் டயர் அதற்கெல்லாம் மூத்தது. 1934ல் ஃபின்லாந்துக்காரர்கள், இன்றைக்கு நோக்கியன் என்று பெயர் எடுத்திருக்கும் கம்பெனி, பனியில் லாரி சிக்காமல் போவதற்கென்று செய்தது. குளிரிலும் மெத்தென்று இருக்கிற ரப்பர், அதன் பட்டனில் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கில் மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகளில் பனி போய் அடைத்துக்கொள்ளும். பனியைப் பிடிக்கப் பனியைவிட நல்ல பிடிமானம் கிடையாதாம்.

"பரிச்சை பண்ணிப் பாத்துருவோம்" என்றார் பஞ்சர் கடை அண்ணன். கழித்துப்போட்ட ஒரு கார் டயரிலிருந்து ஒரு முழம் வெட்டினார். நொறுக்கின ஐஸ், அதில் கல்லுப்பு இரண்டு கை. உப்பு போட்டால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும் என்பது எங்கள் பக்கத்தில் பால் ஐஸ் விற்கிற பையனுக்கே தெரியும். பொட்டி மட்டும் மீன் விற்கிற ஆயாவுடையது. டயரைப் புதைத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் ஆயா நின்றுகொண்டிருந்தது.

"சங்கரா வெக்கிற பொட்டில டயரா வெப்ப? நாளைக்கு என் மீனத் துன்னுட்டு எவனாச்சும் ஹாரன் அடிச்சான்னா யாரு பதில் சொல்றது?"

ஆயா திட்டி முடிக்கும் வரை டயர் ஐஸிலேயே கிடந்ததால் சோதனைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. எடுத்து வளைத்துப் பார்த்தோம். விறைத்த மாதிரிதான் இருந்தது. விறைத்தது டயரா, எங்கள் விரலா என்பதில் கடைசிவரை ஒருமித்த கருத்து வரவில்லை.

உருப்படியான ஒரு தகவல் ஐஸ் ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவரிடமிருந்துதான் கிடைத்தது. உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பார் கையில் ஒட்டிக்கொள்ளும். வேர்த்துத் தண்ணி விடத் தொடங்கின பார்தான் கொக்கியிலிருந்து நழுவிக் காலில் விழும் என்றார். கனடாவில் வண்டி ஓட்டுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கடுங்குளிரைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி உருகலாமா வேண்டாமா என்று நிற்கிற ஐஸ்தான் ஆளைக் கவிழ்க்கும். ரோட்டின் கறுப்பு அதன் வழியே தெரிவதால் அங்கே ஐஸ் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதற்காக ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். ஐஸ், உப்பு இரண்டையும் ரோட்டில் போட்டுவிட்டு மீனை மட்டும் போடாமல் விட்ட ஊர்.

அண்ணன் இன்னும் இறங்கி வரவில்லை. "சரி, போடறதா இருந்தா ரெண்டு போடு. எஞ்சின் இழுக்கிற பக்கம் போதும்." செலவு பாதியாகும் என்று அக்காவின் முகம் மலர்ந்தது. இதில் மட்டும் நான் உறுதியாக நின்றேன். முன்னால் இரண்டும் பிடித்து, பின்னால் இரண்டும் வழுக்கினால், பிரேக் அடிக்கும்போது காரின் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் எம் ப்ளஸ் எஸ் என்று எழுத்து இருந்தால் மயங்கிவிடக் கூடாது. அது சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று கம்பெனி தானே எழுதிக்கொள்வது. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1999ல் வந்த முத்திரை அது. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறினால்தான் கிடைக்கும். இப்போது சில டயர்கள் அந்த மலையையும் வாங்கிக்கொண்டு, வருஷம் முழுக்க ஓடுவோம் என்றும் சொல்கின்றன. பனி எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஊருக்கு அது சரி. நாலு மாதம் பாய் விரித்துப் படுக்கிற ஊருக்குத் தனி டயரே மேல் என்பது என் கட்சி. "மலைப் படம் போட்டா ரேட்டு டபுளா?" என்றார் அண்ணன்.

பையன் மான்ட்ரியாலில் இருந்திருந்தால் இவ்வளவு பேச்சே கிடையாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 200 டாலருக்குக் குறையாமல் அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016லிருந்து விதி. தள்ளுபடி என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா பாதி வழிக்கு வந்தது. நாலு டயர் பனிக்கு உழைக்கும்போது மற்ற நாலும் சும்மா இருக்கும், ஆகவே எட்டும் கூடுதல் காலம் வரும் என்றதும் மீதி வழிக்கும் வந்தது. அப்புறம்தான் கேட்டது: "சும்மா இருக்கிற நாலை எங்க வைப்பான்? அங்க போட்டு கீட்டு ஏதாச்சும் இருக்கா, தொங்கவிட?"

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் பையனின் வீட்டுக்காரர். இலங்கையின் பருத்தித்துறைக்காரர். கனடாவில் எத்தனையோ பனிக்காலம் ஓட்டிப் பார்த்தவர். எங்கள் ஆராய்ச்சி முழுவதையும் பையன் அவருக்கு ஒப்பித்திருக்கிறான். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, வெளிக்கிடுறதுக்கு எந்த டயரும் காணும். நிப்பாட்டுறதுக்குத்தான் வின்டர் டயர்."

பஞ்சர் கடை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இத மொதல்லயே சொல்லிருந்தா அந்த ஆயா கிட்ட திட்டு வாங்கிருக்க மாட்டனே" என்றார்.

டயர் வாங்கியாயிற்று. முதல் குளிரில் காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, புது டயரே கோளாறு என்று பையன் பதறிப் போன் செய்தான். அண்ணன் படுத்திருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "காத்து கம்மியா இருக்கும்." அதேதான். ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பவுண்டு காற்று இறங்கும். அக்டோபரில் அடித்த காற்று டிசம்பருக்குப் போதாது. இந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு அவர் கடையில், கனடா கேஸ்கள் பார்க்கப்படும் என்கிற தோரணை வந்துவிட்டது.

மாட்டுவது எப்போது, கழற்றுவது எப்போது என்ற பிரச்சினை மட்டும் பாக்கி இருந்தது. ஏழு டிகிரி என்று தினம் தினம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்றான் பையன். அக்கா யோசிக்காமல் சொன்னது: "தீபாவளிக்குப் போடு. தடைக்காலம் தொடங்கினதும் கழட்டு." ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடை ஆரம்பித்து 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். காசிமேட்டில் வருஷத்தை அளக்க இதைவிட நல்ல கோடு கிடையாது. டொரோன்டோவின் தட்பவெப்பக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் நடுவில் சராசரி ஏறக்குறைய ஏழு டிகிரிதான் வருகிறது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

பையன் போய் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான், தடைக்காலம் என்றால் என்னவென்று விளக்கவும் ஆரம்பித்திருக்கிறான். அவர் கையமர்த்தினாராம்.

"தடைக்காலம் எனக்கு வடிவாத் தெரியும் தம்பி. அந்த ரெண்டு மாசம்தான் உங்கட போட்டுகள் எங்கட கடலுக்குள்ளை வராது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டு சொன்னது: "டேய், அது ராமேஸ்வரம் போட்டு. நம்ம போட்டு ஆந்திரா பக்கம்தான் போவும்னு அவர் கிட்ட சொல்லு!"