இத்துடன் இந்த விவாதம் முற்றுப்பெறுகிறது – ஆ-ர்

வில்லிபுத்தூராரிடம் ஒரு துறட்டி இருந்ததாம். மாங்காய் பறிக்க இல்லை; தப்பாகப் பாடும் புலவர்களின் காதை அறுக்க. பிள்ளைப் பாண்டியன் கொஞ்சம் சாது, தலையில் குட்டுவதோடு விட்டுவிடுவார். ஒட்டக்கூத்தர் சிக்கனக்காரர். இரண்டு புலவர்களின் குடுமியைச் சேர்த்து முடிந்து, ஒரே வெட்டில் இரண்டு விமர்சனத்தையும் முடித்துவிடுவார். இந்த மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் கண்டவனெல்லாம் கவி பாடக் கிளம்பிவிட்டான் என்று பிற்காலப் புலவர் ஒருவர் பாட்டாகவே அங்கலாய்த்து வைத்திருக்கிறார். காது போனவர்கள் என்ன பாடினார்கள் என்று பதிவு இல்லை.

சீத்தலைச் சாத்தனார் வேறு ரகம். மட்டமான பாட்டைப் படித்தால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார் என்பது கதை. தலை எந்நேரமும் புண்ணாகவே இருந்ததாம். அடுத்தவன் எழுத்தைப் படித்துவிட்டுத் தன்னைத் தண்டித்துக்கொண்ட வாசகர் அவருக்குப் பிறகு தமிழில் பிறக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் எழுதியவன் தலை எங்கே என்றுதான் தேடினார்கள். நக்கீரர் சிவபெருமானிடமே பிழை கண்டுபிடித்து எரிபட்டார். ஆசிரியர் தரப்பிலிருந்து வந்த மிகக் காட்டமான பதில் இன்றுவரை அதுதான்.

வில்லியின் துறட்டியை மடக்கி உள்ளே வைக்கச் செய்தவர் அருணகிரிநாதர். கந்தரந்தாதியை அவர் பாடப்பாட வில்லி பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பத்து மூன்று பாட்டு வரை தாக்குப்பிடித்தார். ஐம்பத்து நான்காவது பாட்டு முழுக்கத் தகர வரிசை. வாயில் நுழைவதே கஷ்டம், பொருள் எங்கிருந்து வரும்? வில்லி கையை விரித்தார். அருணகிரியார் அவர் காதை அறுக்கவில்லை, இனி யார் காதையும் அறுக்காதே என்று மட்டும் சொன்னார் என்று கதை முடிகிறது. விமர்சகரை அடக்க யாருக்கும் புரியாமல் எழுதினால் போதும் என்ற சூட்சுமத்தை நம் நவீன கவிஞர்கள் எங்கே கற்றார்கள் என்று இப்போது தெரிகிறதல்லவா?

அச்சு இயந்திரம் வந்ததும் துறட்டிக்கு வேலை போயிற்று, துண்டுப் பிரசுரத்துக்கு வேலை வந்தது. 1867-ல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளிவந்தன. அருட்பா என்றால் அது தேவாரம், திருவாசகம் போன்றவைதான், இது எப்படி அருட்பா ஆகும் என்று ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்பியது. மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. மறுப்பின் மறுப்புக்குக் கண்டனம் வந்தது. 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே அடிகளார் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றுவிட்டார் என்று ஒரு கதை உண்டு; எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். 1874-ல் அடிகளார் சித்திவளாகத்துக் கதவைச் சாத்திக்கொண்டார், 1879-ல் நாவலர் காலமானார். சண்டை மட்டும் சாகாமல் அடுத்த நூற்றாண்டுக்குள் ஜம்மென்று நடந்து போயிற்று. இருவரும் இல்லாததால் இன்னும் வசதியாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

அதே 1879 ஜூலையில்தான் வெள்ளைக்காரன் இந்தியாவில் அஞ்சலட்டையை அறிமுகப்படுத்தினான். விலை கால் அணா. கண்டனம் எழுத இனி அச்சகம் வேண்டாம், பணக்கார சீடர் வேண்டாம். ஒரு பெரிய கண்டனக்காரர் போனார், லட்சம் சின்னக் கண்டனக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அட்டைக்கு மூடி கிடையாது என்பதால், ஆசிரியர் படிக்கும் முன்பே போஸ்ட்மாஸ்டரும் தபால்காரரும் படித்து, “நல்லாத்தான் கிழிச்சிருக்கீங்க” என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள்.

லண்டனில் ஜோசப் அடிசன் 1713-ல் ஒரு காப்பிக் கடையில் சிங்கத் தலை ஒன்றை மாட்டி, வாசகர்கள் கடிதத்தை அதன் வாயில் போடும்படி ஏற்பாடு செய்திருந்தார். நமக்கு அந்த ஆடம்பரம் இல்லை. நம் சிங்கம் ஆசிரியர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு ‘ஆ-ர்’ என்று பெயர். கடிதத்தின் கீழே ஒரு சிறு கோடு, பக்கத்தில் ஆ-ர். அவ்வளவுதான், எதிர்ப்பேச்சு கிடையாது. வாசகர் இரண்டு பக்கம் ஆதாரத்தோடு எழுதியிருப்பார். ஆ-ர் அதில் நான்கு வரியை மட்டும் போட்டு, ‘கடிதம் சுருக்கப்பட்டுள்ளது’ என்பார். நான்கு வாரம் சண்டை நடந்து பிரதி நன்றாக விற்றபின், ‘இத்துடன் இந்த விவாதம் முற்றுப்பெறுகிறது’ என்று மணியடிப்பார். யாரிடம் கேட்டார்? யாரிடமும் கேட்கவில்லை. கடிதம் வராத வாரங்களில் உதவி ஆசிரியரே ஒரு சிற்றூர் வாசகராக அவதாரம் எடுத்து, தலையங்கத்தைப் பாராட்டி எழுதுவார் என்று பத்திரிகை வட்டாரத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எந்தப் பத்திரிகை என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் வாழப்பாடிப் பக்கத்தில் வாசகர் கடிதத்தை யாரும் கருத்துக்காகப் படித்ததாக நான் நினைக்கவில்லை. கடிதத்தின் அடியில் இருக்கும் ஊர்ப் பெயருக்காகப் படித்தோம். சென்னைக்காரர்கள் சென்னை–17, சென்னை–5 என்று எண்ணோடு வருவார்கள். நாம் மொட்டையாக ‘வாழப்பாடி’. சில சமயம் ‘வாழப்பாடி, சேலம் மாவட்டம்’ என்று, வழி தெரியாதவருக்குச் சொல்வதுபோல. பாக்கும் மரவள்ளியும் விளையும் ஊர், ஜவ்வரிசி ஆலைக்கு லாரி போகும் ஊர், சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் பஸ் நின்று போகும் ஊர். அச்சில் பெயர் வர வேறு என்ன வழி? 1991-ல் வாழப்பாடி ராமமூர்த்தி காவிரிப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டபோது ஊர்ப் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கடிதப் பகுதிதான் கதி. ஆ-ர்களும் கெட்டிக்காரர்கள். பக்கத்துக்குப் பத்து கடிதம் என்றால் பத்தும் பத்து ஊர். அந்த வாரம் பத்து ஊர் ஏஜென்டுக்கும் கூடுதல் பிரதி போகும்.

இலங்கை வானொலி இந்த வியாதியை இன்னும் முற்றவிட்டது. கொழும்பிலிருந்து அறிவிப்பாளர் நேயர்களின் பெயரையும் ஊரையும் மூச்சுவிடாமல் வாசிப்பார். பாட்டு மூன்று நிமிடம், பட்டியல் அதைவிட நீளம். பாட்டைக் கேட்டவர்கள் குறைவு, பெயரைக் கேட்டவர்கள் அதிகம்.

எழுதத் தெரியாதவர்களும் எழுத நேரமில்லாதவர்களும் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. அவர்களுக்கு டீக்கடை பெஞ்சு இருந்தது. ஒரு பேப்பர் நான்கு தாளாகப் பிரிந்து நான்கு கைக்குப் போகும். “ஏங்கண்ணா, அந்த நடுத்தாளைக் கொஞ்சம் குடுங்க” என்று ஐந்தாவது ஆள் நிற்பார். தலையங்கத்துக்கான பதில் அங்கேயே, ஆசிரியர் காதில் விழாத தைரியத்தில், உரக்கச் சொல்லப்படும். இதை மேய்க்க மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு பலகை: ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’. அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசினார்கள், மற்ற இடத்தில் வெயில். மாஸ்டர் கடைசி ஆயுதமாக, “டீ ஆறுதுங்கண்ணா” என்பார். பல மந்திரிசபைகள் அந்த ஒரு வாக்கியத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

வாசகர் சொல்வதை வாய்ப்பாக்கிக்கொண்ட ஆ-ர் என்றால் அது கல்கிதான். அவருக்கு எங்கள் வட்டாரத்திலும் கொஞ்சம் பயிற்சி கிடைத்தது என்று உரிமை கொண்டாடலாம். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-ல் அங்கிருந்து மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். துணையாசிரியர் கல்கி. குடிப்பவர்களுக்காக நடத்திய பத்திரிகை. அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தவர்கள் சாயங்காலம் படிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். பின்னூட்டமே வராத பத்திரிகையில் வேலை பார்த்தவருக்குப் பிற்காலத்தில் கடிதம் மலைபோலக் குவிந்தது, விதியின் வட்டியும் முதலும். (ராஜாஜி கடிதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை நேரே சேலம் ஜில்லாவில் தொடங்கினார். படிக்காத வாசகரைச் சட்டத்தால் வழிக்குக் கொண்டுவரும் முறை அது.)

1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் ஓடியது. மூன்றரை வருடம் ராத்திரி விளக்கில் ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்டார்கள். கதை முடிந்ததும் வாசகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியா டக்கென்று முடிப்பது? வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா இல்லையா? ஆழ்வார்க்கடியான் என்ன ஆனான்? ஐந்து பாகம் எழுதிக் களைத்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா? வேறு ஆ-ராக இருந்தால் ‘இத்துடன் முற்றுப்பெறுகிறது’ என்று கோடு கிழித்திருப்பார். கல்கி உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதினார். கேள்விகளை வரிசையாக எடுத்துப்போட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அதோடு விட்டாரா? மிச்சக் கதையை வேறு எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று கதவைத் திறந்தும் வைத்தார். விக்கிரமன் அந்த வழியாக உள்ளே நுழைந்து ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். புகார்க் கடிதங்களைச் சேர்த்துத் தைத்து நாவலின் கடைசி அத்தியாயமாக்கிய கெட்டிக்காரத்தனத்தை, அரண்மனைச் சதிகளைவிட நான் மெச்சுவேன்.

ஜெயகாந்தன் பதில் சொல்லும் ஆள் இல்லை. 1966-ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லும் பெண்ணை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். தமிழ்நாட்டின் ஒழுக்கமெல்லாம் திடீரென்று பேனா பிடித்தது. அதெப்படி ஒரு தாய் அப்படிச் செய்யலாம்? சரி, செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று அவர் ஒரு நாவல் எழுதினார். தாய் கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகிறது பார் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதற்குள்ளேயே ஒரு எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதியிருக்கிறார், கதாநாயகி அதைப் படிக்கிறாள். கண்டித்தவர்கள் கேட்டதையே கொடுத்து அவர்களை அழவைத்தார், 1972-க்கான சாகித்ய அகாதமி பரிசும் வாங்கிக்கொண்டார்.

சுஜாதாவுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ தொடங்கிய வேகத்தில் மிரட்டல்கள் வந்து நின்றுபோனது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு பெயரில் திரும்பி வந்தது.

மறுபடியும் திருச்செங்கோட்டுக்கு வருவோம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளியானது. நான்கு வருடம் சத்தமே இல்லை. 2014 டிசம்பரில் திடீரென்று ஊரே வாசகர்களாகிவிட்டது. புத்தகம் படித்தா என்றால், சில பக்கங்களின் ஜெராக்ஸ் படித்து. தமிழ் இலக்கிய வரலாற்றில் ஜெராக்ஸ் கடைக்காரர் பதிப்பாளருக்குப் போட்டியாக வந்த நேரம் அது. புத்தகம் எரிந்தது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சு’. வாய்க்கால் தகராறுக்குக் கூட்டுவது போலக் கூட்டி, நாவலாசிரியரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். வில்லிபுத்தூரார் குறைந்தபட்சம் பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் காதில் கை வைப்பார்.

எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காதவர் புத்தகத்தை மூடி வைக்கலாமே என்ற பொருளில் தீர்ப்பளித்து அவரை எழுதச் சொன்னது. இதற்கிடையில் ஒரு வேடிக்கை: ‘மாதொருபாகன்’ முடிந்த இடத்தில் நாயகன் காளி செத்தானா பிழைத்தானா என்ற கேள்விக்கு, ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்கள் எழுதி இரண்டு பதிலும் கொடுத்திருந்தார். ஒன்றில் செத்தான், ஒன்றில் பிழைத்தான். கல்கி ஒரு முடிவுரையோடு நின்றார், இவர் இரண்டு முழுப் புத்தகம் கொடுத்தார். கடையடைப்பு செய்தவர்கள் இரண்டையும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு வந்த நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மாடு பன்றி பக்கமே போகக்கூடாது, ஆகவே ஆடு என்று முன்னுரையில் கணக்குப் பார்த்திருக்கிறார். நாமக்கல், சேலம் பக்கத்து வெள்ளாடுகளிடமிருந்து இன்றுவரை ஆட்சேபம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.