முத்திரையும் துருவும்: கிள்ளான் பள்ளத்தாக்குச் சித்திரக்கதைப் பிரதிகளின் குறியியல்

பானை ஓட்டில் நான்கு கீறல் கண்டால் கருத்தரங்கு கூட்டும் அறிஞர்கள், மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பரண்களில் ஒடுங்கிக் கிடக்கும் காமிக்ஸ் அட்டைகளில் நாற்பது கீறல் இருந்தும் மௌனம் சாதிக்கிறார்கள். அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. குறிகள் மூவகைப்படும்: பிறவிக்குறி, கடைக்குறி, வாசகர்குறி.

1. பிறவிக்குறி

இது அச்சகத்திலேயே வாய்ப்பது. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் லண்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த இந்நாயகருக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். கை மட்டும் தெரியும்.

வண்ண அட்டைக்குச் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு தகடுகள். ஒன்று மயிரிழை நகர்ந்தால் நாயகரின் உதடு கன்னத்தில் ஏறிவிடும். மை குறைந்தாலோ கையும் போய்விடும். மூலக் கதாசிரியருக்கே கைகூடாத முழு மறைவை மை தீர்ந்த இயந்திரம் சாதித்துவிடும். பிறவிக் கோளாறுக்கு விலை குறைக்கலாகாது என்பது விற்போர் கொள்கை. குறைத்தே ஆகவேண்டும் என்பது வாங்குவோர் மறுப்பு.

2. கடைக்குறி

விற்ற கடை அட்டையில் குத்திய ரப்பர் முத்திரையே நம் கல்வெட்டு. ‘கோலாலம்பூர், சிலாங்கூர்’ என்றிருந்தால் அது 1974 பிப்ரவரி 1க்கு முந்தியது. அன்றுதான் நகரம் கூட்டரசுப் பிரதேசமானது. விலை ‘எம் டாலர்’ குறியில் இருந்தால், ‘ஆர்எம்’ குறி வந்த 1993க்கு முந்தியது.

எல்லாவற்றிலும் அரியது ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ முத்திரை. அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆனது 1972இல். முத்து காமிக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில். ஆகவே இரண்டும் ஒருங்கே அமைந்த பிரதி சில மாத இடைவெளியில் மட்டுமே தோன்றியிருக்க முடியும் என்று கணித்துச் சேகரிப்பாளர் மூச்சடைப்பார். கடைக்காரர்களை அறிந்தோர் கருத்து வேறு. ஊர்ப்பெயரை அரசாங்கம் மாற்றலாம். புது ரப்பர் வெட்டக் கடைக்காரர் வெள்ளி செலவழிக்க மாட்டார். ஆதலால் முத்திரை காலத்தைக் காட்டாது, சிக்கனத்தைக் காட்டும்.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒருசேரப் புறப்பட்டதால் அதன்பின் சான்றுகள் பெருகின. ஆய்வாளரின் தூக்கம் குறைந்தது.

3. வாசகர்குறி

வில்லனுக்குப் பேனாவால் வரைந்த மீசை, இரவல் வாங்கியவர் தம் பெயரையே எழுதி நிறுவிய உரிமை, வடை எண்ணெய் என இது விரியும். இயற்கையும் வாசகரே. ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் நாட்டில் நடுப்பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். செய்தித்தாள் ரகக் காகிதத்தில் மிஞ்சிய லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கம்வரை ஒரே நேர்கோட்டில் முடிப்பது இராமபாணப் பூச்சி. கதையை இடையில் நிறுத்தாத வாசகர் அது ஒன்றே.

4. மதிப்பீடு

2000 முதல் இயங்கும் அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் காமிக்ஸ் பிரதிகளின் நிலைக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் 10 சென்ட், 9.0 பெற்ற ஒரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலருக்கு விலைபோனது. அவ்வளவுகோலை இங்கே நீட்டினால் நம் பிரதிகள் 2ஐத் தாண்டுவது அரிது. காரணம் எளிது: 9.0 வாங்கும் பிரதியை யாரும் இரவல் கேட்டதில்லை.

எனவே இவ்வாய்வின் தீர்ப்பு: தகடு நகர்ந்ததும் முத்திரை விழுந்ததும் மீசை முளைத்ததும் சான்றுகள், அழிக்கலாகாது. மன்னிக்க முடியாதது செலோடேப் ஒன்றே. கிழிசலை ஒட்டுவதாக வந்து, பசை ஊறி, மஞ்சளித்து, உரிக்கும்போது எழுத்தையும் கொண்டுபோய்விடும் அது. பழைய காமிக்ஸ் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ஈரம் படாத அலமாரியில் வையுங்கள், கிழிந்தால் கிழிந்தபடி விடுங்கள், இரவல் கேட்டால் கொடுங்கள். திரும்பி வராது என்பது வேறு ஆய்வு.