அடைந்து கிடக்க ஆயிரம் வழி

வீட்டில் அடைபட்ட நாய்க்குச் சலிப்புத் தட்டாமலிருக்க, பிஸ்கட்டைத் துணிக்குள் ஒளித்து மோப்பம் பிடிக்க விடச் சொல்கிறார்கள் நகரத்து நிபுணர்கள். பாவம், அவர்கள் ஊரில் யானை இல்லை.

இடுக்கி சின்னக்கானலில் பிஸ்கட் செலவே கிடையாது. இருட்டியதும் ஜன்னலோரம் நாயின் காது விறைக்கும். வீட்டுக்காரர் ஒரு கையால் விளக்கை அணைத்து, மறு கையால் அதன் வாயைப் பொத்துவார். குரைத்தவர் தோற்றார். மோப்பப் பயிற்சி நாய்க்கு, பிராணாயாமம் மனிதருக்கு!

பாலக்காட்டின் தோணி கிராமம் இதில் முன்னோடி. அங்கே பல மாதம் ஊரையே வீட்டுக்குள் வைத்திருந்த பி.டி.7 என்ற காட்டானை 2023 ஜனவரி 22-இல் பிடிபட்டது. ஊர்ப்பெயரையே அதற்குச் சூட்டினார் வனத்துறை அமைச்சர். உபகாரிக்கு நன்றி காட்டத் தெரிந்த அரசு.

சின்னக்கானலின் உபகாரி அரிக்கொம்பன் என்ற காட்டானை. பன்னியாறு ரேஷன் கடையை, அட்டை இல்லாமலே, சுவரை இடித்துத் திறந்து அரிசி வாங்கிய நுகர்வோர். அதே ஆண்டு ஏப்ரல் 29-இல் அவரைப் பிடிக்க நான்கு கும்கி யானைகள் வந்தன; கூடவே 144 தடையுத்தரவு. மக்களுக்கு முழுநாள் இன்ப ஓய்வு.

ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27-இல், இ-பாஸ் கேட்பாரின்றி, தமிழ்நாட்டுக் கம்பத்தில் பிரசன்னமானார். அங்கும் 144. மனிதரும் நாயும் உள்ளே.

கழுத்துப் பட்டையுடன் கம்பம் தெருவில் அன்று காலை நடை போனவர் அவர் ஒருவரே.