ஹாஸ்டல் பார்க்க வந்த அத்தான்

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றதும் முதலில் இறங்கியது ஒரு மஞ்சப்பை. அதைப் பிடித்தபடி அத்தான், பின்னால் அக்கா, கடைசியாகக் காதில் ஒயரோடு அக்கா மகள். இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருப்பது அவளுக்குத்தான். ஆனால் பிளாட்பாரத்தில் பார்த்தவர்கள் அத்தானுக்குத்தான் அட்மிஷன் என்று நினைத்திருப்பார்கள். பைக்குள் 5 மீட்டர் டேப், டி.டி.எஸ். மீட்டர், டெஸ்டர், 80 பக்க நோட்டு, அலாட்மென்ட் ஆர்டரின் ஆறு நகல்கள். அத்தான் மின்வாரியத்தில் 28 வருஷம் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனுஷரைப் பார்க்கும் முன் மீட்டரைப் பார்ப்பார். துஷ்டி வீடென்றாலும் அப்படித்தான்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்றால், விடுதி விண்ணப்பத்தில் ‘லோக்கல் கார்டியன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கிற பாவத்துக்கு, ஒவ்வொரு தாய்மாமனும் என்றாவது ஒருநாள் பாஸ்போர்ட் சைஸில் அந்தக் கட்டத்துக்குள் ஒட்டப்பட்டே தீருவான்.

முதல் சோதனை என் வீட்டில். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, மீட்டரை விட்டார். 1,640 என்று காட்டியது.

“மாப்ளே, 500-க்குள்ள இருக்கணும்னு ஐ.எஸ்.ஐ. சொல்லுது. இதத்தான் குடிக்கியா?”

குளிக்கிற தண்ணீரை அவசரத்தில் மொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. தாமிரபரணிக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி வாதாடக்கூடாது.

ஆடி, ஆவணியில் அத்தானைப் போன்ற நூறு பேரைச் சென்னையில் பார்க்கலாம். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பேனாவோடு சேர்த்துச் செருகிய மடித்த காகிதம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடக் கூடத்தோடு நின்றுவிடுவார்கள். இவர்கள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள். சிலர் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு, முகம் சுருங்கி, “யோசிச்சுச் சொல்றோம்” என்று போய்விடுவார்கள். இன்னும் சிலர், “கூட இருக்கிற பிள்ளைங்க எந்த ஊர்ப் பக்கம்?” என்பார்கள். அந்தக் கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், வார்டனுக்கும் தெரியும். வார்டன்கள் ஊரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று, முன்னெச்சரிக்கையாக வேளச்சேரிப் பக்கம் ஒரு தனியார் விடுதியைப் பார்த்தோம். மூன்று பேர் அறை, ஏசி, மாதம் 9,500. ஓனர், “ஜி.எஸ்.டி. தனி” என்றார்.

அத்தான் நோட்டைப் பிரித்தார். “மாசம் 20,000-க்கு மேல போகாம, தொடர்ந்து 90 நாள் தங்கினா ஹாஸ்டலுக்கு வரி கிடையாது. 2024 ஜூன்ல கவுன்சில்ல முடிவாயிருக்கு.”

“அப்படியா சார்? ஆடிட்டர்ட்ட கேக்கணும்.”

“கேளுங்க. பெண்கள் விடுதிக்குக் கலெக்டர் லைசென்ஸ் வேணும், 2014 சட்டம். எங்க மாட்டியிருக்கீங்க?”

ஓனர் சுவரைப் பார்த்தார். அங்கே திருப்பதி வெங்கடாசலபதி இருந்தார். கீழே மெஸ் அட்டவணை. அத்தான் அதைப் படித்த அக்கறையோடு ஒருவரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் பூரி. ஞாயிறு மதியம் ‘சிக்கன் (1 பீஸ்)’. அந்த அடைப்புக்குறியில் அத்தான் நெடுநேரம் நின்றார். சாம்பாரை ருசி பார்க்கக் கொண்டுவந்தார்கள். அவர் கை மஞ்சப்பைக்குள் போனது. மீட்டரை எடுப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

கல்லூரி விடுதியில்தான் அந்தச் சோகம் நிகழ்ந்தது. வாசலிலேயே வார்டன் அம்மா சொல்லிவிட்டார்: “அம்மா மட்டும் உள்ள வரலாம். ஜென்ட்ஸ் ரிசப்ஷனோட சரி.”

அத்தான் கையில் டேப் விரிந்தபடி இருந்தது. அவர் தயாரிப்பு முழுக்க ஒரே வரியில் செல்லாமல் போனது. டேப்பைச் சுருட்டி அக்கா கையில் கொடுத்தார். டெஸ்டரையும் கொடுத்தார். நோட்டில் எழுதி வைத்திருந்த 23 கேள்விகளைப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். நாலாவது கேள்வியில் அக்கா உள்ளே போய்விட்டாள்.

அந்த ரிசப்ஷன் பெஞ்சு தனி உலகம். ஏற்கெனவே ஐந்து அப்பாக்கள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவரும் செல்போனைப் பார்த்து, “ஜன்னலக் காட்டு. மேல காட்டு. ஏம்மா ஆட்டுறே?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்தே நிமிஷத்தில் கூட்டம் சட்டசபை ஆனது. நாமக்கல்காரர் ஒருவர், முதலாண்டுப் பிள்ளைகளைக் கூடியமட்டும் தனி பிளாக்கில் வைக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2009-ல் விதி போட்டதைச் சொன்னார். அத்தான் 1997 ராகிங் தடைச் சட்டத்தைச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் சிதம்பரத்தில் ராகிங்கில் ஒரு மாணவன் கொல்லப்பட்டதை யாரும் சொல்லவில்லை. அந்த வயதுக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரவர் போனில் 1800-180-5522 என்ற உதவி எண்ணைப் பதிந்துகொண்டார்கள். என் போனிலும் அத்தானே பதிந்து கொடுத்தார். நான் படிப்பை முடித்துப் பதினாறு வருஷம் ஆகிறது.

கால் மணி நேரத்தில் அக்கா திரும்பினாள். டேப் கொடுத்த மாதிரியே சுருண்டிருந்தது.

“நல்லா இருக்கு. எடுத்துக்கலாம்.”

“எத்தன பிளக் பாயின்ட்?”

“ஜன்னலத் தொறந்தா வேப்ப மரம். காத்து அள்ளிக்கிட்டுப் போகுது.”

“தண்ணி?”

“செகண்ட் இயர் பிள்ள ஒருத்தி தலையக் காயவெச்சுட்டு நின்னா. முடி கொட்டுதாம்மான்னு கேட்டேன். வந்த புதுசுல கொட்டிச்சாம், இப்ப நின்னுட்டாம். சடையைப் பிடிச்சுப் பாத்தேன். நல்லா அடர்த்தியாத்தான் இருக்கு.”

2,000 ரூபாய் மீட்டர் சொல்லாததை ஒரு சடை சொல்லிவிட்டது. அத்தான் நோட்டில் எதையோ எழுதினார். எழுதினாரா, எழுதுவதுபோலக் கையை அசைத்தாரா தெரியவில்லை.

அக்கா மகள் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். கரூர்ப் பிள்ளை, தஞ்சாவூர்ப் பிள்ளை, இவள், மூவருக்கும் ஒரு வாட்ஸப் குரூப் ஓடி இரண்டு வாரம் ஆகிறதாம். யார் கெட்டில் கொண்டுவருவது, வார்டன் வந்தால் அதை எந்த வாளிக்குள் ஒளிப்பது என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். இவளுக்கு ஜன்னலோரக் கட்டில்.

எல்லாரும் கட்டணம் கட்டக் கவுன்ட்டருக்குப் போனோம். அத்தான் கடைசி முயற்சியாக, “மாடிப்படிக்குப் பக்கத்து ரூம் வேண்டாம், மேற்குப் பார்த்தது வேண்டாம்” என்று தொடங்கினார். உள்ளேயிருந்தவர் தலை நிமிரவில்லை.

“ரூம் நாங்க போடறது இல்ல சார். அட்மிஷன் நம்பர் வரிசைப்படி கம்ப்யூட்டர் போடும்.”

கெட்டில் குரூப்புக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு முதல்முறையாக அப்பாவும் மகளும் ஒரே மாதிரி முகத்தோடு நின்றார்கள்.

ராத்திரி அக்காவையும் அத்தானையும் ரயிலேற்றிவிட்டு வந்து படுத்தேன். செங்கல்பட்டு தாண்டியிருக்கும், போன் அடித்தது.

“மாப்ளே, தூங்கிட்டியா? ஒண்ணுமில்ல. அந்த வேப்ப மரம் இருக்குல்லா...”

“ஆமா அத்தான்.”

“அதோட கிளை ஜன்னல்லருந்து எத்தன அடி இருக்கும்? நாளைக்கு ஒரு எட்டு போயி, வெளியில நின்னே பாத்துட்டு வந்துரு. டேப்ப ஒங்க வீட்டு மேசை மேலதான் வெச்சிட்டு வந்திருக்கேன்.”