அரை அடிக்கு ஒரு ஆலோசனை

ஏண்டா பேராண்டி, ஸ்ரீரங்கத்துல பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டு அரை அடி உள்ள வந்துருச்சுன்னு தாலுகா ஆபீசுக்கும் வக்கீல் வீட்டுக்கும் ஓடுறியாமே? ஓடு, ஓடு. சர்க்கரைக்கு நடை நல்லதுதான்.

ஆனா எல்லைத் தகராறுக்கு யோசனை கேக்கணும்னா எங்கிட்டயில்ல வந்திருக்கணும்? நம்ம மதுக்கரை என்ன லேசுப்பட்ட ஊரா? கோயமுத்தூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை இருக்கே, அந்த மதுக்கரை இல்லய்யா. போன்ல ரூட்டு பாத்து உன் மாமனார் அங்க போய் நின்னுக்கிட்டு, "செல்லாண்டியம்மன் கோயில் எங்கே"ன்னு கேட்டாரே, பாவம்! நம்மூரு மாயனூருக்குப் பக்கத்துல, காவிரிக்குத் தென்கரை. சேரன், சோழன், பாண்டியன் மூணு பேரு எல்லையும் இங்கதான் முட்டிக்கிச்சுன்னு வழிவழியாச் சொல்றது. வடகரையில கரைபோட்டான் ஆறு எல்லை, இந்தப் பக்கம் தெற்க பாத்துப் போட்ட மண்கரை எல்லை. மூணு ராஜாவும் மல்லுக்கு நின்னப்ப நம்ம செல்லாண்டி ஆத்தாதான் நடுவுல உக்காந்து தீத்து வெச்சாளாம். வக்கீல் பீசு இல்ல, வாய்தா இல்ல. பொங்கல் வெச்சுச் சாப்பிட்டுட்டுக் கலைஞ்சு போயிருப்பானுங்க.

வெள்ளைக்காரன் வந்தான். நம்ம குளித்தலைத் தாலுகா திருச்சி ஜில்லா, கரூரு கோயமுத்தூர் ஜில்லான்னு வெச்சிருந்தான். 1910-ல கரூரையும் தூக்கித் திருச்சியோட சேத்தான். 1995-ல நம்ம சர்க்கார் கரூரைத் தனி மாவட்டமாக்கி எங்களையும் அதுல ஒட்டுச்சு. திண்ணையை விட்டு நான் எந்திரிக்கவே இல்ல, ஜில்லா மாறிப்போச்சு. அதுவரைக்கும் நானும் உன்னாட்டம் திருச்சிக்காரன்தாண்டா. என்ன, வெத்தலைக்கொடிக்கு யாரும் சேதி சொல்லல, அது பாட்டுக்குப் படர்ந்துச்சு.

ஆத்தைப் பாரு. மாயனூர் கதவணையில நாங்க பாத்து அனுப்புற தண்ணிதான் உங்க அம்மா மண்டபத்துப் படித்துறையில புண்ணிய தீர்த்தமாகுது. நடுவுல முக்கொம்புல, 1836-ல காட்டன் துரை கட்டுன மேலணை. 2018 ஆகஸ்ட்ல கொள்ளிடம் பக்கம் 9 மதகை வாரிக்கிட்டுப் போச்சா இல்லியா? அந்த ஆத்துக்கு நடுவுல தீவுல குடியிருந்துக்கிட்டு நீ அரை அடிக்கு டேப்பு பிடிக்கிற!

இன்னொண்ணு கேளு. உங்க ரங்கநாதருக்கு 7 மதிலு. வெளிச்சுத்து மதிலுக்குள்ள தெருவு, கடை, வீடு, வண்டின்னு ஊரே பூந்து கெடக்கு. அவரு காலை நீட்டிப் படுத்திருக்காரு. நீ ஒத்தை மதிலுக்கு ராத்தூக்கத்தைத் தொலைச்சிட்டு நிக்கிற.

சரி, அது கெடக்கட்டும். அந்த சர்வேயர் தம்பி உனக்கு நல்ல பழக்கம்னு சொன்னியே? ஆடிப்பெருக்குக்கு வரும்போது கையோட கூட்டியாந்துரு. நம்ம கீழ்வயல்ல உன் சின்னத் தாத்தன் வரப்பை ஒரு சாண் உள்ள வெட்டிட்டான். வெளியில மூச்சு விடாத.