ரம்மிக்கு மட்டும் அந்தரங்கமா?

நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை பணம் கட்டி ரம்மி ஆடக் கூடாது. ஆட வருபவர் ஆதாரைக் கொடுத்து, ஓடிபி தட்டி, தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் இப்படி விதி போட்டது. உடனே சிலருக்கு நெஞ்சு பதறியது. பதறியவர்கள் ஆடித் தோற்றவர்கள் அல்ல. ஆட்டத்தை நடத்துகிறவர்கள்.

பிளே கேம்ஸ், ஹெட் டிஜிட்டல் வொர்க்ஸ், ஜங்லீ கேம்ஸ் என்று வரிசை கட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிளே கேம்ஸின் முழுப் பெயரிலேயே இருபத்துநாலு மணி நேரமும் ஏழு நாளும் சேர்ந்திருக்கிறது. அவர்களிடம் போய் ஐந்து மணி நேரம் கடையைச் சாத்து என்றால் கோபம் வராதா? ஆனால் மனுவில் கோபத்தை எழுத முடியாது. வருமானம் போகிறதே என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ஆகவே ஆட வருகிறவரின் அந்தரங்க உரிமையையும் கையில் எடுத்தார்கள்.

அந்த உரிமை எப்படி வந்தது தெரியுமா? புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒரே குரலில் சொன்னார்கள். குடிமகனை அரசின் கண்ணிலிருந்து காக்க ஒரு முதியவர் வாங்கித் தந்த கேடயம் அது. எட்டே வருஷத்தில் அது சீட்டுக்கட்டுக்கு உறையாகிவிட்டது.

ஆதார் மீதான அச்சம் பொய்யல்ல. குற்றாலத்தில் சீசன் தொடங்கட்டும். லாட்ஜில் அறை கேட்டால் முதலில் ஆதார் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் யார் மேசையில் கிடக்கிறது, எந்தக் குப்பைக்குப் போகிறது என்று யாருக்காவது தெரியுமா? சிம் கார்டுக்கு ஒரு ஜெராக்ஸ், கேஸ் இணைப்புக்கு ஒரு ஜெராக்ஸ். தென்காசிக்காரன் இதுவரை கொடுத்த ஜெராக்ஸை அடுக்கினால் ஐந்தருவிப் பாதையை மறைக்கலாம். அவனுக்காக எந்தக் கம்பெனி மூத்த வழக்கறிஞரை வைத்தது? ஒன்றுகூட இல்லை. ஜெராக்ஸ் கொடுக்கிறவனிடம் கமிஷன் கிடையாதே.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. ஜெயித்த பணத்துக்கு வரி பிடிக்க இதே ரம்மிக் கம்பெனிகள் பான் எண்ணைக் கேட்டன. தடையுள்ள மாநிலத்திலிருந்து ஆடுகிறாயா என்று பார்க்க, நீ நிற்கிற இடத்தையும் கேட்டன. அதெல்லாம் சேவை. பதினெட்டு வயது ஆனதா என்று பார்க்க அரசு ஆதாரைக் கேட்டால் மட்டும் அது அத்துமீறல்.

இனி தென்காசிச் செய்தியைப் படியுங்கள். மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது. பெயர் உண்டு, வயது உண்டு, தெருப் பெயர் உண்டு. சில நாள் முகமும் உண்டு. துண்டுச் சீட்டில் நம்பர் எழுதியவனுக்கு அந்தரங்கம் கிடையாது. அதே சூதைச் செயலியாக்கி, நடிகரை வைத்து விளம்பரம் போட்டால் அந்தரங்கம் அரசியல் சாசனத்திலிருந்தே இறங்கி வரும்.

அரசு மட்டும் யோக்கியமா? 2003-இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரையைத் தாண்டி, ஆரியங்காவில் இறங்கினால் கேரள அரசே லாட்டரி விற்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் கஜானா. இரவு 12 மணிக்கு ரம்மியை மூடச் சொன்ன நம் அரசு, பகல் 12 மணிக்கு டாஸ்மாக்கைத் திறக்கிறது. அங்கே ஆதாரும் இல்லை, ஓடிபியும் இல்லை. குடும்பம் சீட்டில் அழிந்தால் கண்ணீர். சரக்கில் அழிந்தால் பட்ஜெட்.

டெல்லி இன்னும் கெட்டிக்காரர். 2023 அக்டோபர் 1 முதல், ஆடுகிறவன் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. நூறு ரூபாய் போட்டதும், தோற்பதற்கு முன்பே டெல்லி ஜெயித்துவிட்டது. இரண்டு வருஷம் வாங்கிப் போட்ட பிறகு ஞானம் பிறந்தது. 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். பண விளையாட்டு மொத்தமும் தடை. மூன்று நாளில் முடிகிற வேலைக்கு எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன!

கம்பெனிகளின் கதையையும் முடித்துவிடுவோம். ரம்மி திறமை ஆட்டம், ஆகவே தடை கூடாது, ஒழுங்குபடுத்தலாம் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனந்தம். அரசு ஒழுங்குபடுத்தியது. ஐயோ, அந்தரங்கம்! 2025 ஜூன் 3 அன்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் கே. ராஜசேகரும் மனுக்களைத் தள்ளினார்கள். அந்தரங்க உரிமை எல்லையற்றதல்ல, பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றார்கள். இதற்குச் சட்டப் புத்தகமே வேண்டாம். குற்றாலப் பேரருவியில் வெள்ளம் பெருகினால் போலீஸ் குளிக்க விடாது. குளிப்பதைவிடவா அந்தரங்கம் உண்டு? ஆனாலும் ஈரத் துண்டோடு எவனும் ஹைகோர்ட்டுக்கு ஓடியதில்லை. ஐந்து மணி நேரம் பூட்டாதே என்று அழுதவர்களுக்கு, இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றம் இருபத்துநாலு மணி நேரப் பூட்டுப் போட்டது. அடங்கினார்களா? ஹெட் டிஜிட்டல் அந்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

போகட்டும். வழக்குப் போடுவது அவர்கள் உரிமை. ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த மனுவில் அந்தரங்கம் என்று வருகிற இடத்திலெல்லாம் வருமானம் என்று திருத்தி எழுதுங்கள். எங்களுக்குச் சுலபமாகப் புரியும். நீதிபதிகளுக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது.